உலோக ஊக்கி வைத்து வளையம் மூடும்போது கரைப்பானை ஏன் இவ்வளவு ஊற்றுகிறார்கள்?

உப்புவெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸில் இரசாயனம் சிறப்புப் பட்டம் செய்கிறேன், இப்போது லீவுக்குத் திருமலைக்கு (திருகோணமலை) வீட்டுக்கு வந்து நிற்கிறேன். திரும்பிப் போனதும் ஒரு செமினார் இருக்கிறது, தலைப்பு உலோக ஊக்கிகளால் சேதன வளையங்களை ஆக்குவது. சேர் வாசிக்கத் தந்த கட்டுரையில் ஒரு நீளமான சங்கிலி, அதன் இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு, கிரப்ஸின் ருத்தேனியம் ஊக்கியைப் போட்டதும் முனைகள் இணைந்து 14 அணு லக்டோன் (வளைய எசுத்தர்) வருகிறது, மிஞ்சுகிற எதீன் வாயுவாகப் போய்விடுகிறது. இதை வளையம் மூடும் மெற்றாதெசிஸ் என்கிறார்கள். உலோகத்தோடு நான்கு அணு வளையம் உண்டாகி உடைகிற அந்தப் பொறிமுறை ஓரளவு விளங்கிவிட்டது.

விளங்காதது செறிவு. 0.001 மூலர் என்று போட்டிருக்கிறார்கள். சங்கிலியின் மூலர்த் திணிவு 250 என்று வைத்தால் 1 கிராமுக்கு 4 லீற்றர் டைக்குளோரோமெதேன் வேண்டும்! வளையத்தை ஆக்குவது ஊக்கிதானே, செறிவு கூடினால் தாக்கம் இன்னும் வேகமாகத்தானே போக வேண்டும், ஏஎல்லில் அப்படித்தானே படித்தோம்? அப்புறம், டியூஷன் காலத்தில் வைத்திருந்த இந்தியப் பாடப்புத்தகத்தில் எதைனை (அசெற்றிலீன் வாயு) சிவக்கச் சூடாக்கிய இரும்புக் குழாயால் செலுத்தினால் பென்சீன் வரும், 873 கெல்வின் என்று இருந்தது. அங்கே ஒருவரும் ஐதாக்கவில்லையே. அதுவும் உலோகம், இதுவும் உலோகம், வளையம் மூடுகிற விதி மட்டும் ஏன் வேறு?

கடைசியாக ஒன்று. சேர் செமினாரோடு சின்னதாக ஏதாவது செய்து காட்டினால் நல்லது என்றார். எங்கள் லாபில் குளோவ் பொக்ஸ் இல்லை, ஆர்கன் இல்லை. நைதரசன் சிலிண்டர் இருக்கிறது, உள்ளே வாயு இருக்குமா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. என்ன செய்யலாம்?


சல்லிக்காரன்:

தங்கச்சி, நானும் திருமலைதான், சல்லி. இப்போது வெளிநாட்டில் மருந்துக் கம்பனி ஒன்றில் தொகுப்புப் பிரிவில் வேலை. முதல் கேள்வியை மட்டும் எடுக்கிறேன், மற்றதுக்கு ஆட்கள் வருவார்கள்.

ஊக்கி வளையத்தை ஆக்குகிறது என்ற இடத்திலேதான் சிக்கல். ருத்தேனியத்துக்கு வளையம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இரட்டைப் பிணைப்பு வரட்டும் என்று நிற்கிறது, அவ்வளவுதான். வருவது அதே சங்கிலியின் மறுமுனையா பக்கத்துச் சங்கிலியின் முனையா என்று அது பார்ப்பதில்லை. மறுமுனை வந்தால் வளையம், பக்கத்து ஆள் வந்தால் இரட்டைச் சங்கிலி, பிறகு மும்மடங்கு, கடைசியில் பிசின் மாதிரி ஒரு பல்பகுதியம் குடுவையின் அடியில். சல்லிக் கரையில் கரைவலை இழுக்கிறதைப் பார்த்திருப்பீர்கள்: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி போய் வலையை வளைத்து இறக்கி மறுமுனையோடு திரும்பும். ஒரு வலை என்றால் பிரச்சினை இல்லை. அதே துண்டுக் கரையில் பத்து வலையை ஒரே நேரம் இறக்கிப் பாருங்கள், ஆருடைய கயிறு ஆர் கையில் என்று அடிபிடி வரும். 4 லீற்றர் ஊற்றுவது கரையை நீளமாக்கத்தான்.

கணக்காகச் சொன்னால் இன்னும் இலகு. தன் முனையோடு தான் சேர்வது முதலாம் வரிசைத் தாக்கம், அயல் சங்கிலியோடு சேர்வது இரண்டாம் வரிசை. செறிவைப் பத்தில் ஒன்றாக்கினால் வளையம் மூடும் வேகம் பத்தில் ஒன்றாகும், சங்கிலிகள் தங்களுக்குள் கோர்க்கும் வேகம் நூறில் ஒன்றாகும். ஏஎல்லில் படித்தது பிழையில்லை, செறிவு கூடினால் எல்லாம் வேகமாகும், ஆனால் வேண்டாதது அதைவிட வேகமாகும். இது கிரப்ஸ் கண்டுபிடித்த விசயமே இல்லை. ருக்லி 1912இலேயே ஐதாக்கினால் வளையம் வரும் என்று காட்டினார், 1930களில் சீக்லர் அதை ஒரு முறையாகவே ஆக்கினார், ருத்தேனியம் அப்போது இந்தக் கதைக்குள்ளேயே இல்லை.

செமினாரில் கட்டாயம் ஒரு ஸ்லைட் போடுங்கள்: இத்தாலியில் இல்லுமினாட்டியும் மண்டோலினியும் (சதிக்கூட்டம் இல்லை, உண்மையான இரசாயனவியலாளரின் பெயர்!) புரோமீன் வால் உள்ள காபொட்சிலேற்றுச் சங்கிலிகள் தங்களுக்குள் மூடி லக்டோன் ஆகும் வேகங்களை அளந்தார்கள். ஊக்கி உலோகம் எதுவும் இல்லை. 8 அணு வளையம் மூடும் வேகத்தை 1 என்று வைத்தால் 6 அணுவுக்கு 17,000 அளவில் வரும், 5 அணுவுக்கு 15 இலட்சம் அளவில். 14க்கு வந்தால் 40 சொச்சம். அதாவது 5, 6 கண்ணை மூடிக்கொண்டு மூடும், 8இலிருந்து 11 வரை உள்ளே ஐதரசன்கள் ஒன்றோடொன்று முட்டுவதால் படுமோசம், 12க்கு மேல் கொஞ்சம் மூச்சு விடலாம். உங்கள் கட்டுரையின் 14 அணு வளையம் மூடக்கூடியது, ஆனால் இரண்டு முனைகளும் சந்திக்க நேரம் எடுக்கும், அதற்குள் அயலவர் வந்துவிடக் கூடாது. அதனால்தான் 0.001.

ஆனால் ஐதாக்கலுக்கும் விலை உண்டு. மெதுவாகப் போகிற தாக்கத்தில் ஊக்கி பாதி வழியில் செத்துவிடும், பிறகு இன்னும் போட வேண்டும். தொழிற்சாலையில் அது சரிவராது. ஹெபடைற்றிஸ் சிக்கு எதிராக போரிங்கர் இங்கல்ஹைம் ஆக்கிய சிலுபிரெவிர் மருந்தில் 15 அணு வளையம், அதையும் இதே தாக்கத்தால்தான் மூடினார்கள், நூற்றுக்கணக்கான கிலோ. முதலில் 0.01 மூலரில் செய்தார்கள், கரைப்பான் தொட்டி தொட்டியாகப் போனது. பிறகு ஊக்கியில் கைவைத்ததோடு நிற்காமல் சங்கிலியிலேயே ஒரு நைதரசனில் பாதுகாப்புக் கூட்டத்தை ஏற்றினார்கள். சங்கிலி தானாகவே மடங்கி நிற்கத் தொடங்கியது, 0.1 முதல் 0.2 மூலரில் வேலை முடிந்தது, ஊக்கியும் பலமடங்கு குறைந்தது. மருந்து இதயத்தைப் பாதிக்கும் என்ற பயத்தில் சந்தைக்கு வரவில்லை, அது வேறு கதை. எனக்குப் பிடித்த பகுதி அந்த மடிப்பு. நல்ல ஊக்கி வாங்கக் காசு செலவழிப்பதைவிட மூலக்கூறு எப்படி மடங்கி நிற்கிறது என்று யோசிப்பது மலிவு.


கெமிஸ்ட்ரி வாத்தி:

சல்லிக்காரன் சொன்னது அந்த ஒரு தாக்கத்துக்குச் சரி. உலோகத்துக்கு வளையம் தெரியாது என்பதைப் பொதுவிதியாக எழுதிக்கொள்ளாதே பிள்ளை, செமினாரில் எவராவது நிக்கல் பற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வாய்.

முதலில் இரும்புக் குழாயைத் தீர்த்துவிடுவோம். எதைனைச் சூடாக்கி பென்சீன் வரவைத்தது பெர்த்தலோ, 1866. அது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. பென்சீனோடு தாரும் வேறு கண்டதும் கடியதும் வரும். பரீட்சைக்கு ஒரு அம்புக்குறி போட்டால் போதும், ஆனால் அதை உலோக ஊக்கத்துக்கு நல்ல உதாரணம் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை.

உண்மையான உதாரணம் ரெப்பே. ஜெர்மனியில் 1940களில் அதே எதைனை அமுக்கத்தில் நிக்கல் சேர்வையோடு வைத்தார். வந்தது பென்சீன் இல்லை, எட்டுக் காபன் வளையம், சைக்ளோஒக்டாடெட்ராயீன்! சல்லிக்காரனின் அட்டவணையில் எட்டுத்தான் எல்லாவற்றிலும் மோசம், இங்கே அதுவே வருகிறது. ஏன்? ஒரே நிக்கலில் நான்கு எதைன் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக உட்காருகின்றன, உட்கார்ந்தபடியே கைகோர்க்கின்றன. நீளச் சங்கிலி ஒன்று மறுமுனையைத் தேடி அலைகிற வேலையே இங்கு இல்லை. இப்போது இன்னும் சுவையான இடம். அதே தாக்கத்தில் ஒரு நிக்கலுக்கு ஒன்று என்ற கணக்கில் டிரைபீனைல்பொஸ்பீன் போட்டால் எட்டு வளையம் நின்றுபோய் பென்சீன் வரத் தொடங்கும். பொஸ்பீன் ஒரு இருக்கையைப் பிடித்துக்கொண்டது, மிச்சம் மூன்று, மூன்று எதைன் சேர்ந்தால் ஆறு காபன். இதைவிடத் துப்புரவாக ஒரு பொறிமுறைக்குச் சான்று கிடைக்குமா? பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

பியூட்டாடையீனிலும் இதே கதை. வில்கே செய்த வேலை. வேறு ஈனி (உலோகத்தில் ஒட்டி இடம் பிடிக்கும் மூலக்கூறு) எதுவும் இல்லாத வெறும் நிக்கலில் மூன்று பியூட்டாடையீன் சேர்ந்து 12 காபன் வளையம், பொஸ்பீனோ பொஸ்பைற்றோ ஒன்று இடத்தைப் பிடித்தால் இரண்டு மட்டும் சேர்ந்து 8 காபன் வளையம். அந்த 12 காபன் வளையம்தான் நைலோன் 12க்கு மூலப்பொருள், இப்போது தைட்டேனிய ஊக்கிகளாலும் ஆக்குகிறார்கள்.

ஆகவே செமினாரை இரண்டாகப் பிரி. ஒரே மூலக்கூறின் இரண்டு முனைகளைக் கட்டுகிற வளையம் ஒரு வகை, அங்கே செறிவும் மடிப்பும் பேசும். பல சிறு துண்டுகளை உலோகமே தன்னைச் சுற்றி அடுக்கிக் கட்டுகிற வளையம் இன்னொரு வகை, அங்கே உலோகத்தில் எத்தனை இடம் வெறுமையாக இருக்கிறது என்பதுதான் பேசும். உன் குழப்பம் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதால் வந்தது, பாடப்புத்தகங்களும் அப்படித்தான் போடுகின்றன.

மூன்றாவதாக நேர்ச்சங்கிலி எப்டேனை அலுமினா மேல் பூசிய பிளாட்டினத்தில் ஏறத்தாழ 500 பாகையில் தொலுயீனாக்குவதையும் ஒரு வரியில் சொல்லிவிடு, பெற்றோலின் ஒக்டேன் எண்ணை ஏற்றுவதற்குச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பது அது. எங்கள் திருமலைச் சீனக்குடாவில் இல்லை! அந்தத் தாங்கிகளைப் பார்த்துவிட்டு அங்கேதான் பெற்றோல் வடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது என்னிடம் சொல்லும். அது சேமிப்பு மட்டும்.


உப்புவெளிப் பிள்ளை:

இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. பொஸ்பீன் இருக்கை விசயம் எங்கள் விரிவுரைக் குறிப்பில் இல்லவே இல்லை, அதை நடுவில் வைத்துத்தான் கதைக்கப் போகிறேன்.

சேர், ஒரு சந்தேகம். நிக்கலில் எல்லாம் ஒரே உலோகத்தில் உட்காருவதால் செறிவு கூடினாலும் பிரச்சினை வராது என்று எடுக்கலாமா? சல்லி அண்ணாவிடம் ஒன்று: வளையம் மூடிய பிறகு உள்ளே ஒரு இரட்டைப் பிணைப்பு நிற்கிறதே, அது சிஸ்ஸா (சங்கிலி பிணைப்பின் ஒரே பக்கத்தில்) டிரான்ஸா (எதிர்ப்பக்கங்களில்) என்று யார் தீர்மானிப்பது? கட்டுரையில் இரண்டும் கலந்து வந்தது என்று ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள். லாப் கேள்விக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை :)


கெமிஸ்ட்ரி வாத்தி:

எடுக்கலாம், ஓரளவுக்கு. அங்கே தொடங்குபொருள் செறிவாக இருப்பதுதான் நல்லது, உலோகத்தின் வெறும் இடங்கள் உடனே நிரம்ப வேண்டுமே. எதைன் அமுக்கத்தில் கொடுக்கப்படுவதும் அதற்குத்தான்.


சல்லிக்காரன்:

சேரின் நிக்கல் விளக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, நான் சொன்னது வளையம் மூடும் மெற்றாதெசிஸுக்குத்தான்.

சிஸ், டிரான்ஸ் கேள்வி நல்ல கேள்வி. சாதாரண கிரப்ஸ் ஊக்கியோடு அந்தத் தாக்கம் முன்னும் பின்னும் போகும், அதனால் கடைசியில் எது உறுதியானதோ அது கூடுதலாக வரும், பெரிய வளையத்தில் இரண்டுக்கும் சக்தி வித்தியாசம் சின்னது, ஆகவே கலவை. இதே முன்பின் காரணத்தால் எதீனைக் குடுவையிலிருந்து வெளியே துரத்த வேண்டும், நைதரசனை மெதுவாகக் குமிழியாக விட்டால் போதும், இல்லாவிட்டால் அது திரும்ப வந்து வளையத்தைத் திறக்கப் பார்க்கும்.

கலவை கூடாது என்ற இடத்துக்கு புனுகு நல்ல உதாரணம். சாமிக்குச் சாத்துகிற புனுகின் வாசம் சிவெட்டோன், 17 அணு வளையம், உள்ளே இருக்கிற இரட்டைப் பிணைப்பு சிஸ். கஸ்தூரியின் மஸ்கோன் 15 அணு. இந்த இரண்டும் இவ்வளவு பெரிய வளையம் என்று 1926இல் ருசிக்கா சொன்னபோது ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் பையர் 1885இலேயே பெரிய வளையங்கள் இழுவிசையால் நிலைக்காது என்று சொல்லியிருந்தார், வளையம் தட்டையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ருசிக்கா தோரியம் உப்புகளைச் சூடாக்கி அந்த வளையங்களை ஆக்கிப் பார்த்தார், விளைச்சல் மிகக் குறைவு, ஆனால் 1939இல் நோபல் கிடைத்தது. பிற்காலத்தில் ஃபர்ஸ்ட்னர் சிவெட்டோனுக்கு வேறு வழியால் போனார்: முனைகளில் மும்மைப் பிணைப்பு வைத்து வளையத்தை மூடுவது, மும்மைப் பிணைப்பில் சிஸ்ஸும் இல்லை டிரான்ஸும் இல்லை, பிறகு லின்ட்லர் ஊக்கியால் ஐதரசன் ஏற்றினால் சிஸ் மட்டும். லின்ட்லர் உங்கள் பாடத்திலேயே இருக்கிறதே, அதைத் தொட்டுச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சும்மா ஒரு துணுக்கு: ஃபர்ஸ்ட்னர் வேலை செய்ததும் வில்கே வேலை செய்ததும் சீக்லர் பணிப்பாளராக இருந்ததும் முல்ஹைமில் உள்ள ஒரே மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். ருக்லியின் ஐதாக்கலை எடுத்து முறையாக்கினார் என்று மேலே சொன்ன அதே சீக்லர்தான்.


நிலாவெளி அக்கா:

லாப் கேள்விக்கு நான் வருகிறேன். மாணவர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஆள், ஆகவே என் கவலை எல்லாம் காசும் கையும்தான்.

14 அணு வளையத்தைத் தொடாதே. மெற்றாதெசிஸ்தான் காட்ட வேண்டும் என்று சேர் நின்றால் டைஎதில் டைஅலைல்மலோனேற்றை எடு, எல்லாரும் ஊக்கிகளைச் சோதிக்கிற பழைய பொருள் அது. 5 அணு வளையம், நடுக் காபனில் இரண்டு எசுத்தர் கூட்டம் குந்தியிருப்பதால் இரண்டு கையும் தானாகவே ஒன்றையொன்று பார்த்து நிற்கும், 0.1 மூலரிலேயே மூடும், லீற்றர் கணக்கில் ஒன்றும் தேவையில்லை. இரண்டாம் தலைமுறை ஊக்கி ஒரு மூல் சதவீதம் போதும். ருத்தேனியம் ஷ்ரொக்கின் மொலிப்டினம் ஊக்கி மாதிரிக் காற்றைக் கண்டதும் அழுகிற சாதி இல்லை, திண்மமாகக் காற்றில் நிறுக்கலாம், கரைசலுக்குத்தான் நைதரசன் வேண்டும். எதீன் குமிழி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முடிந்ததும் எதில் வினைல் ஈதர் ஒரு துளி விட்டு ஊக்கியை நிறுத்து, மறந்தால் செறிவாக்கும்போது அது தன்பாட்டில் வேலை செய்துகொண்டே இருக்கும். விளைவு கபில நிறமாக வந்தால் பயப்படாதே, ருத்தேனிய மிச்சம்தான், சிலிக்காவில் ஒருதரம் ஓட்டி அப்படியும் போகாவிட்டால் உயிர்ப்புக் கரியோடு கலக்கு. இதில் சிக்கல் இரண்டு. ஊக்கியின் விலை, அப்புறம் வளையம் மூடியதா என்று நிரூபிக்க என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) வேண்டும்.

அதனால் என் தெரிவு செப்பு. அசைட்டும் (மூன்று நைதரசன் வரிசையாக உள்ள சேர்வை) முனை அற்கைனும் (முனையில் மும்மைப் பிணைப்பு உள்ளது) சேர்ந்து டிரையசோல் என்கிற 5 அணு வளையம், 2002இல் மெல்டல் பக்கமும் ஷார்ப்லெஸ், ஃபோக்கின் பக்கமும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது, 2022 நோபலில் இதுவும் இருந்தது. பென்சைல் அசைட்டு, பீனைல்அசெற்றிலீன், பாதிக்குப் பாதி தண்ணீரும் மூன்றாம் நிலை பியூட்டனோலும், செப்பு சல்பேற்று கொஞ்சம், சோடியம் அஸ்கோர்பேற்று. அஸ்கோர்பேற்று விழுந்ததும் நீலம் மங்கி மஞ்சள் பக்கம் போகும், செப்பு இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். கலக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளைத் திண்மம் தானாகப் படியும், வடித்து ஐதான அமோனியாவால் கழுவினால் மிஞ்சின செப்பு கடும் நீலமாக இறங்கிப் போகும். திருமலை ஈரக்காற்றிலும் நடக்கும், தண்ணீரில்தானே செய்கிறாய். செப்பு இல்லாமல் இதே இரண்டையும் சூடாக்கினால் 1,4, 1,5 என்று (வளையத்தில் கூட்டங்கள் நிற்கும் இடங்களின் எண்) இரண்டு சமபகுதியமும் கலந்து வரும், செப்போடு 1,4 மட்டும், ருத்தேனிய ஊக்கி ஒன்றோடு 1,5. உலோகம் என்ன செய்கிறது என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? மெல்லிய படை நிறப்பகுப்பில் இரண்டு குடுவையையும் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டு, செப்பு இல்லாத குடுவை அறை வெப்பநிலையில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் அசைட்டு விளையாட்டுச் சாமான் இல்லை, இதை வாசிக்கிற ஏஎல் பிள்ளைகள் வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. பென்சைல் அசைட்டை நீ ஆக்காதே, சேரையோ ஆய்வுகூடப் பொறுப்பாளரையோ கொண்டு புகைக்கூண்டுக்குள் சின்ன அளவில் ஆக்குவி, காய்ச்சி வடிக்கக் கூடாது, செறிவாகச் சேமித்து வைக்கக் கூடாது.


கெமிஸ்ட்ரி வாத்தி:

அக்கா சொன்னதுக்கு மேல் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் நுளம்புத்திரி. அதில் போடுகிற அலெத்திரின் கிரிசாந்திமிக் அமிலத்தின் எசுத்தர், மூன்று காபன் வளையம். அந்தச் சின்ன வளையத்தைச் செப்பு ஊக்கியால், இடக்கை வலக்கை மாதிரியான இரண்டு ஆடிவிம்ப வடிவங்களில் வேண்டியது கூடுதலாக வரும்படி ஆக்குவதை நொயோரி 1966இல் தொடங்கிவைத்தார், சுமிட்டோமோவில் அரத்தானி அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். பின்னேரம் கொளுத்தும்போது யோசித்துப் பார்.


உப்புவெளிப் பிள்ளை:

செப்புதான். சேருக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன், அஸ்கோர்பேற்று லாபில் இல்லையென்றால் விற்றமின் சி குளிசை நசுக்கிப் போடலாமா அக்கா? மிச்ச அசைட்டுக் கழிவை என்ன செய்கிறது?


நிலாவெளி அக்கா:

குளிசையில் மாவும் நிறமும் இருக்கும், படிவு அழுக்காக வரும். தூய அஸ்கோபிக் அமிலம் வாங்கி அதற்குச் சமமூல் சோடியம் ஐதரசன்காபனேற்றை முதலே தண்ணீரில் சேர்த்து, நுரை அடங்கின பிறகு எடு, அது அஸ்கோர்பேற்றேதான்.

கழிவை சிங்கில் ஊற்றவே கூடாது. குழாயில் செப்போ ஈயமோ இருந்தால் உள்ளே படிந்து வெடிக்கிற அசைட்டாகும். அமிலக் கழிவோடும் சேர்க்காதே, ஐதரசோயிக் அமிலம் கிளம்பும், நச்சு. டைக்குளோரோமெதேன் கழிவோடும் சேர்க்காதே, அதிலும் வெடிக்கிற சாமான் உண்டாகும். தனிப் போத்தல், காரத்தன்மையாக வைத்து, பெயர் எழுதி, பொறுப்பாளர் கையில் கொடு.